எடுத்து வைத்த தாள்

8 ஜூன் 2022

அன்புத் தம்பி வாலுவுக்கு,

அக்கா சௌக்கியம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகிறது. நீ அனுப்பிய வாட்டர்கலர் பெட்டியைப் பிரித்து ஜன்னலை வரைந்தேன். தண்ணீர் பட்டதும் தாள் மேடும் பள்ளமுமாக எழும்பி, நீலமெல்லாம் ஒரு குழியில் போய்த் தேங்கிவிட்டது. கோளாறு என் கையிலா, தாளிலா? அச்சகத்தில் இருப்பவன் நீ, சொல். இங்கே பேச்சுத் துணைக்கு ஃப்ரிட்ஜ் மட்டும்தான். அதுவும் முனகத்தான் செய்கிறது.

அக்கா

2 ஜூலை 2022

அக்கா,

கோளாறு தாளில்தான். நோட்டுத் தாள் தண்ணீர் தாங்காது. பருத்தியில் செய்த கனத் தாள் வேண்டும், கொஞ்சம் சொரசொரப்பாக. பத்து அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போலப் பூட்டி வைக்காதே. நான் வாங்கித் தந்த சால்வை இன்னும் கவரைவிட்டு வெளியே வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

வாலு

25 ஜூலை 2022

வாலு,

தாளைத் தடவிப் பார்த்தேன், தொட்டு வரைய மனசு வரவில்லை. ஜன்னலுக்கு நோட்டுத் தாள் போதும். இது உன் முகத்துக்கு. போட்டோ வைத்தெல்லாம் வரைய மாட்டேன், நீ எதிரே உட்கார வேண்டும். டிசம்பரில் வருகிறேன் என்றாயே, அதுவரை பீரோ மேலே பத்திரமாக இருக்கும்.

அக்கா

5 டிசம்பர் 2022

அக்கா,

லீவு கிடைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அடுத்த வருஷம் கண்டிப்பாக.

வாலு

18 நவம்பர் 2024

தம்பிக்கு,

உன் அடுத்த வருஷமும் போய்விட்டது. நேற்று என் பிறந்தநாள். போன் வரும் என்று இருந்தேன். வராததால் ஒரு தாளை எடுத்து, கண்ணாடியைப் பார்த்து என் முகத்தையே வரைய உட்கார்ந்தேன். வைத்த வண்ணத்தைத் தாள் அப்படியே உறிஞ்சி, கன்னமெல்லாம் திட்டுத் திட்டாகிவிட்டது. மிச்சத் தாள்களையும் சேர்த்து ஓவியச் சாமான் கடைக்குக் கொண்டுபோனேன்.

“ஈரச் சுவர் பக்கம் வெச்சிருந்தீங்களாம்மா? தாள் மேல பூசியிருந்த பசை போயிடுச்சு. இனிமே இதுல வண்ணம் நிக்காது” என்றார் கடைக்காரர். பத்தும் அப்படித்தான்.

முதலில் உன்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல். புதுத் தாள் வாங்கிவந்து, அன்றைக்கே பிரித்து என் முகத்தை வரைந்தேன். நன்றாக வந்திருக்கிறது. மூக்கு அச்சு அசல் உன் மூக்கு. அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் அழுதேன். சால்வையையும் போர்த்திக்கொண்டேன்.

பழைய தாளில் பென்சில் நிற்கிறது. இந்தக் கடிதம் அதில்தான். இன்னும் எட்டு மிச்சம். எட்டுக் கடிதம் எழுதுவேன். அதற்குமேல் உனக்கென்று எதையும் எடுத்து வைக்க மாட்டேன்.

அக்கா