தண்டவாளத்து ஓரத்து முருங்கை

வெள்ளிக்கிழமை. ருவைஸ் பக்கத்து ரயில் வேலைக் கேம்ப்.

வளைகுடாவில் சண்டை வந்ததும் ரயில் கம்பெனிக்குப் பணம் வருவது நின்றுவிட்டது. நான் குவைத்தில், ஃபர்வானியாவில் இருந்த காலத்துச் சண்டையிலும் வேலை இப்படித்தான் நின்றது. இப்போது அரசாங்கம் பணத்துக்குப் பதிலாகத் தண்டவாளத்தின் இருபுறமும் நிலம் கொடுத்திருக்கிறது. அதை விற்றால் வேலை தொடரும். விற்காவிட்டால் கேம்பில் இருக்கிற எல்லோரும் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

இன்று நிலம் பார்க்க அபுதாபியிலிருந்து ஒரு தமிழ் முதலாளி வந்தார். மேனேஜர் அவரை நேராக முருங்கை மரங்களிடம் கூட்டிவந்தார். கேம்பில் சமைக்கிற நான், சமையல்கட்டுக்குப் பின்னால் வளர்த்தவை அவை. காய் தொங்குவதைப் பார்த்ததும் முதலாளிக்குச் சந்தோஷம்.

"பெரியவரே, மண்ணு நல்லா இருக்கே. தண்ணி ஏது?"

மேனேஜர் என்னையே பார்த்தார்.

"நம்ம பசங்க குளிச்சு வர்ற தண்ணிங்க. கீழ தோண்டினா உப்புத்தான்."

"அப்போ பசங்களையும் சேர்த்துல்ல வாங்கணும்!" என்று சிரித்துவிட்டு வண்டியில் ஏறினார். கையெழுத்துப் போடவில்லை.

மேனேஜர் "கலாஸ், முடிஞ்சது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரத்துக்குள் விஷயம் பரவிவிட்டது. கம்பி கட்டும் செல்வம் தட்டோடு என் முன்னால் வந்து நின்றான்.

"கிணத்துத் தண்ணின்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா பெரியவரே?"

"அந்த ஆளு வீடு கட்டி விப்பான்டா. அதை நம்பிக் குடும்பத்தோட வர்றவன் என்ன பண்ணுவான்?"

"எங்க குடும்பம் என்ன பண்ணும்?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. அவன் தட்டில் முருங்கைக்காய்க் குழம்பு ஊற்றினேன்.