இரண்டு வந்தால் இரண்டே போகும்

அன்புள்ள உங்களுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி, அடித்து, மறுபடியும் அதையே எழுதியிருக்கிறேன். பெங்களூரிலிருந்து என் கையெழுத்துக்காக நீங்கள் அனுப்பிய விவாகரத்து மனு நல்லம்பள்ளிக்கு, அம்மா வீட்டுக்கு, வந்துவிட்டது. காலையிலிருந்து நாலு முறை பேனாவை எடுத்து வைத்துவிட்டேன்.

என்னதான் ஆராய்ச்சி செய்கிறாய் என்று கேட்பீர்களே. குவாண்டம் புலக் கோட்பாட்டில் முழுதாகத் தீர்வு காணக்கூடிய எளிய மாதிரிகள் சில உண்டு. அவற்றில் துகள்கள் ஒரே கோட்டில் ஓடும். இரண்டு மோதினால், வந்த வேகத்திலேயே இரண்டும் விலகிப் போகும். கொஞ்சம் தாமதம் ஆகும், அவ்வளவுதான். புதிதாக எதுவும் பிறக்காது. அதனால்தான் கணக்கு முடிகிறது. நம் பிரிவையும் நான் அப்படித்தான் போட்டு வைத்திருந்தேன்.

நேற்று தருமபுரி போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்போதிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வூடு முழுக்க அம்மா என் பின்னாலேயே வருகிறாள். "மாப்பளைக்குச் சொல்லிட்டியா கண்ணு? அவருக்குத் தெரியாம எத்தன நாளு வெச்சிருப்ப?" போனில் சொல்ல வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மனுவை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். கோபமில்லை. ஐந்தாவது பத்தியைப் படியுங்கள். 'இத்திருமணத்தில் குழந்தை ஏதும் இல்லை' என்று இருக்கிறது. அதன் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது.

இப்படிக்கு,
எளிய மாதிரியை நம்பியவள்