தலையணை உறையில் மஞ்சள்

என் செல்ல அலமு அக்கா,

படபடப்பு இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நாம் இருவரும் ஆசைப்பட்ட தையல் கடையை இன்டர்நெட்டில் தொடங்கிவிட்டேன். கரமனை வீட்டு வாசலில் போர்டு எல்லாம் கிடையாது. பூத்தையல் போட்ட தலையணை உறைகளைத் தம்பானூரில் நெட் கஃபே நடத்தும் சுரேஷ் படம் பிடித்துப் போட்டான். லண்டனில் கடை வைத்திருக்கும் ஒருத்தி பார்த்து, மாதிரிக்கு ஆறு கேட்டாள். பிடித்தால் மாதாமாதம் வாங்குவாளாம். எனக்குத் தலைகால் புரியவில்லை! உடனே ஆறையும் தபாலில் அனுப்பினேன்.

நேற்று பதில் வந்தது. "சேச்சி, இது கொறச்சு பிரச்னமாணல்லோ" என்று, ஏதோ சிக்கல் என்பதை மலையாளத்தில் இழுத்தபடி தலையைச் சொறிந்தான் சுரேஷ். எல்லா உறையிலும் ஒரு மூலையில் மஞ்சள் கறையாம். பழைய துணியில் தைத்து ஏமாற்றுகிறாயா என்று கேட்டிருந்தாள். வெள்ளைவெளேரென்ற புதுத் துணி, நானே இஸ்திரி போட்டு அடுக்கியது. யார் கை பட்டிருக்கும்?

வேறு யார், நம் அம்மாதான். புதுத் துணி வீட்டை விட்டுப் போகிறதே என்று ஒவ்வொன்றிலும் மஞ்சள் தடவியிருக்கிறாள். கத்தினேன், அக்கா. "ஒன்னை யாராவது கேட்டாளா? எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்கு அலமு அவசர அவசரமா புதுப்புடவையைக் கட்டிண்டு பஸ்ஸுக்கு ஓடினா. மஞ்சள் வெக்காம விட்டுட்டேன். இதாவது பத்திரமா போய்ச் சேரட்டும்னு நெனச்சேன்டீ."

அந்தப் பஸ் கவிழ்ந்து நீ போனதற்கு அம்மா இத்தனை நாளும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு!

சாயம் பிசகிவிட்டது என்று எழுதச் சொன்னான் சுரேஷ். மனசு வரவில்லை. புதுத் துணிக்கு மஞ்சள் வைப்பது எங்கள் வழக்கம், வைத்தது என் அம்மா என்று எழுதிவிட்டு, விடியும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு ஆளும் கைவிட்டால் கடை அவ்வளவுதான். காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால் பதில் இரண்டே வரி. வேறு ஆறு அனுப்பு. மஞ்சள் வேண்டாம்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். கைவசம் தைத்து வைத்திருந்த வேறு ஆறு உறைகளை நான் பார்சல் கட்டியபோது பக்கமே வரவில்லை. நான் தபாலாபீசுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது ஓடி வந்து, என் முந்தானை நுனியில் மஞ்சளைத் தடவினாள்.

"இது பழைய புடவைம்மா" என்றேன்.

"இருக்கட்டும். நீ திரும்பி வா."

எங்கே போனாலும் திரும்பி வருவேன், அக்கா. உனக்கும் சேர்த்து நானே வருவேன்.

உன் வாயாடித் தங்கை,
ஜானு