ஆளுக்கு ஒரு காது

செவ்வாய், இரவு.

இன்று கம்பெனி கேட்டில் மானம் போனது.

ஹெல்மெட்டுக்குள் மாட்டும் ஸ்பீக்கருக்குக் கடையில் சொன்ன விலையில் ஒரு மாத மளிகையே வாங்கிவிடலாம். அதனால் இவர் பழைய இயர்போனை எடுத்து, ஒயரை நீட்டி, ஒரு பக்கத்தைத் தன் ஹெல்மெட்டிலும் மறுபக்கத்தை என்னுடையதிலும் ஒட்டிவிட்டார். ஆளுக்கு ஒரு காதில் பாட்டு. இன்னொரு காது லாரி ஹாரனுக்கு.

பைக்கில் ஒரகடம் வரை ஜோராக வந்தோம். கேட்டில் ஒயரை மறந்து அவசரமாக இறங்கி நடந்தேன். என் தலை பின்னால் போனது, வண்டியில் இருந்த இவர் தலை முன்னால் வந்தது. ஷிப்டுக்கு வந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது.

"இன்னாம்மா, வூட்டுக்காரர கயிறு கட்டி இஸ்துகினு வரியா?" என்றார் செக்யூரிட்டி.

உள்ளே அசெம்பிளி லைனிலும் நாள் முழுக்க அதே கிண்டல். கம்பெனி பஸ்ஸில் கோபமாகத்தான் வீடு வந்தேன்.

"பாட்டாவது நல்லா கேட்டுச்சா?" என்றார் இவர்.

"இன்னா பாட்டு? வயலின் மட்டும் இழுத்துகினே இருந்துச்சு. தபேலாவே காணோம்."

"தபேலா பூரா என் காதுலதான் இருந்துச்சு!"

சிரிப்பை அடக்க முடியவில்லை. தோசை ஊற்றியபடி நான் வயலினை முனக, இவர் குடத்தைக் கவிழ்த்துத் தபேலா வாசித்தார். பக்கத்து ரூமில் சுவரைத் தட்டினார்கள். நாங்கள் நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். ஒன்றாகப் போக முடியாது. அதை இப்போது நினைக்க வேண்டாம்.

விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு இவர் கட்டிலில் தாளம் தட்டிக்கொண்டிருக்கிறார். என் வயலினுக்காகக் காத்திருக்கிறார்.