சீசருக்கு ஒரு வடைமாலை

12-11-2007, திங்கள்
என் நாயை வார்டுக்குள் விட ஒருவழியாக அனுமதி. மூன்று மாதம் நடையாய் நடந்ததற்குப் பலன். மூக்கண்டப்பள்ளியில் இப்படியொரு மறுவாழ்வு மையம் இருப்பதே பலருக்குத் தெரியாது, இதில் நாயை வைத்து நோயாளிகளுக்கு வைத்தியம் வேறு! "ஒரு புகார் வந்தாலும் நிறுத்திடுவேன் சத்யப்ரியா" என்றார் சூப்பரின்டெண்ட் கிருஷ்ணப்பன் சார். பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல சீசரைத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். கறுப்பு லாப்ரடார், என்னைவிட அழகன்.

15-11
சென்றாயன் வாய் திறந்தார்! பர்கூர் குவாரியில் கல் சரிந்து முதுகுத்தண்டில் அடி. முயன்றால் நிற்கலாம். முயலத்தான் மாட்டார். ஐந்து வாரமாக நான் பிசியோதெரபி கொடுக்கும்போதெல்லாம் சுவரையே பார்ப்பார். சீசர் மடியில் மோவாயை வைத்ததும், "கனமா இருக்கறானே" என்றார். அவர் மனைவி முனிலட்சுமி அழுதாள். நானும்தான்.

26-11
சென்றாயன் நடைப்பயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நொடி நின்றார். எதிர்முனையில் சீசர்.

1-12, சனி
தேய்பிறை அஷ்டமியாம். எனக்கு நினைவில்லை, வார்டுக்கே நினைவிருக்கிறது. மீட்டிங் முடிந்து வந்தால் சீசர் நெற்றியில் குங்குமம். பைரவர் வாகனமாயிற்றே. புருஷன் நடக்க வேண்டுமென்று முனிலட்சுமி வடைமாலை போட்டிருக்கிறாள். "எல்லாத்தையும் சாப்ட்டாருங்க மேடம்" என்றாள். நாய்க்கு வந்த மரியாதையைப் பார்த்துத் திட்ட மனம் வரவில்லை.

4-12
இரண்டு நாளாக வாந்தி, தண்ணீர்கூடத் தங்கவில்லை. பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயிற்றைத் திறந்தார்கள். வடை கோத்த நூல். குடலை அறுத்திருக்கு. வடையைத் தின்னான் சரி, நூல் எங்கேன்னு நான் ஏன் கேக்கல? படிச்சவதானே நான்?

5-12
சீசர் இல்லை.

7-12
திட்டம் நின்றது. வடை யார் கொடுத்தது என்று சார் கேட்டார். தெரியாது என்றேன். முனிலட்சுமி தாங்கமாட்டாள். சென்றாயன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். சீசருக்குக் காலில் அடி, பெங்களூரில் தங்கை வீட்டில் இருக்கிறான் என்று வார்டில் சொல்லிவிட்டேன். "வரட்டும், நடந்து காட்டறேன்" என்றார் சென்றாயன். பாத்ரூமில் போய் நின்று அழுதேன்.

31-12
சென்றாயன் கம்பியை விட்டு நான்கு அடி நடந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். முனிலட்சுமி என்னை ஓரமாக அழைத்துப்போய் ஒரு தூக்குவாளியைக் கொடுத்தாள். இன்று அஷ்டமி.

"வேண்டுதல் பலிச்சிருச்சுங்க மேடம். இந்தவாட்டி பெரிய மாலையா கோத்திருக்கறேன். எப்படியாச்சும் பெங்களூருல இருக்கற அவருகிட்ட சேத்திருங்க."

சரி என்று வாங்கிக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் இரண்டு தெருநாய்கள் படுத்திருந்தன. நூலை முழுசாக உருவி கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு வடையாகப் போட்டேன்.