பட்டன் வரைய மறந்தவள்

ஜனவரி 9

அன்பு அண்ணிக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பள்ளிச் சீருடை தைப்பதும் பிய்ந்த ஜிப்பை மாற்றுவதுமாகவே பொழுது போகிறது, புதிதாக ஒன்றும் தோன்றுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அண்ணன் தவறியதிலிருந்து இதே பாட்டுதான். அதனால்தான் இந்தத் தடித்த உறை. எங்கள் பத்திரிகையில் ஃபேஷன் படம் வரைகிறவர்கள் கழித்துப்போட்ட தாள்களைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். தூரிகையால் நாலே இழுப்பில் வரைந்திருப்பது எங்கள் மூத்த ஓவியர். பச்சை கவுன் நான் வரைந்தது. தையல் மெஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டுங்கள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

உங்கள் வாலு

பிப்ரவரி 2

அன்புள்ள வாலுக்கு,

ஒட்டிவிட்டேன். உங்கள் ஓவியர் வரைந்தவளுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. ஆனாலும் எங்கேயோ கிளம்பிவிட்டாள் என்று தெரிகிறது. “நீ எங்கடி கிளம்பிட்டே?” என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அன்றைக்கே துணியை எடுத்து விரித்தேன். எத்தனை நாளாயிற்று இப்படிக் கை பரபரத்து!

வங்கிக்காரம்மாவின் மகளுக்கு உன் பச்சை கவுனைத் தைத்தேன். அச்சு அசல் உன் படம். அவள் போட்டுப் பார்த்தால் தலையே நுழையவில்லை! நீ பட்டன் வரையவில்லை, நானும் வைக்கவில்லை. படத்தைப் பார்த்த மயக்கத்தில் திறப்பே இல்லாமல் தைத்திருக்கிறேன், சொன்னால் வெட்கக்கேடு. கவுனையும் படத்தையும் தூக்கிக்கொண்டு பட்டன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் படத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தப் பொண்ணு இதுக்குள்ள எப்படிங்க போச்சு?” என்றார். கடை என்றும் பாராமல் வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கவாட்டில் திறந்து, அதே துணி சுற்றிய குட்டிப் பட்டன் வைக்கலாம் என்று அவர்தான் சொன்னார். இப்போது எல்லாருக்கும் அந்த மாதிரியே வேண்டுமாம்.

இனிமேலாவது பட்டன் வரை, தாயே.

அன்புடன்,
அண்ணி

ஆகஸ்ட் 11

அன்புள்ள வாலுக்கு,

நீ அனுப்புகிற படங்களால் சுவரில் இடமே இல்லை. ஒரு உதவி வேண்டும். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி. புருஷன் தவறிவிட்டார். இப்போது மறுபடி கல்யாணம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவது, அவ்வளவுதான். உடை சின்னப் பெண்ணுடையது மாதிரியும் இருக்கக் கூடாது, வேறு யார் கல்யாணத்துக்கோ வந்தவள் மாதிரியும் இருக்கக் கூடாது. வரைந்து அனுப்புவாயா?

அண்ணி

ஆகஸ்ட் 30

அன்பு அண்ணிக்கு,

மூத்த ஓவியரின் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். அவர் வரைகிற வயதான பெண்கள் யாரும் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பதில்லை. நிம்மதியாக நிற்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன். கருநீலம், நேர் வெட்டு, மேலே போட ஒரு சின்னக் கோட். பட்டன் ஒன்றுகூட விடவில்லை, எண்ணிக்கொள்ளுங்கள்!

உங்கள் வாடிக்கைக்காரி துணிச்சல்காரிதான். நான் முத்தம் கொடுத்ததாகச் சொல்லுங்கள். முதல் புருஷன் வீட்டார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் கண்டுகொள்ள வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் வாலு

செப்டம்பர் 12

என் கண்ணுக்கு,

படம் வந்தது. பார்த்து அழுதேன். அந்த வாடிக்கைக்காரி நான்தான். மாப்பிள்ளை பட்டன் கடைக்காரர். நேரே எழுதக் கை வராமல் இப்படிச் சுற்றி வளைத்தேன்.

உன் அண்ணன் இருந்த இடம் அப்படியே இருக்கிறது, நம்பு. ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருக்கிறது. அவர் பக்கம் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. நீ என்ன சொல்கிறாய்?

அண்ணி

அக்டோபர் 20

வாலு,

பதிலே இல்லை. துணி வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறேன். நீ சம்மதிக்காமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை இழந்துவிட்டு எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்.

அண்ணி

அக்டோபர் 28

அன்பு அண்ணிக்கு,

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஊரில் எவளோ ஒருத்திக்குச் சொல்ல எளிதாக இருந்தது. கோபம் என்றுதான் நினைத்தேன், ஆனால் பயம். அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் போன பிறகு வீடு என்று எனக்கு மிச்சம் இருந்தது நீங்கள் ஒருவர்தான். உங்களையும் யாரோ கூட்டிக்கொண்டு போகிறார் என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

நேற்று அந்தப் பதிவு அலுவலகத்தை மனசுக்குள் வரைந்து பார்த்தேன். அவர் பக்கம் அக்கா, தம்பி, பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. உங்கள் பக்கம் வெறும் சுவர். அண்ணனைக் கட்டும்போதும் உங்கள் பக்கம் யாரும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

துணியை வெட்டுங்கள், அண்ணி. டிக்கெட் எடுத்துவிட்டேன். அங்கே யாராவது “நீங்க யாரு?” என்று கேட்டால், “பொண்ணு வீட்டுக்காரங்க” என்று சொல்லப்போகிறேன்.

உங்கள் வாலு