உங்கள் பாதுகாப்பைக் கருதி

ஜூன் 3, செவ்வாய்

மேலாளர் இன்று என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் சொல்கிற இந்த வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் இது முதல் முறை. ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்றே நினைத்துப் போனேன். ட்ரோன்களுக்குப் புது அப்டேட் வருகிறதாம், அதற்கு ஓர் அறிவிப்பு எழுத வேண்டுமாம். "நீ எழுதினா படிக்கிறவனுக்குக் கோபம் வராது" என்றார்.

இனிமேல் எங்கள் நிறுவனத்து பேட்டரியைப் போட்டால்தான் எங்கள் ட்ரோன் பறக்கும். போலிகள் தீப்பிடிக்கின்றன, அதனால். தங்கள் கடைப் பெயரையே ஒட்டி, ஒளிக்காமல் செய்து விற்கிறார்களே, அவர்களுடைய பேட்டரிக்கும் இதே கதியா? கேட்க வாயெடுத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுதப் போய்விட்டேன்.

எழுதியது இதுதான்: "உங்கள் பாதுகாப்பைக் கருதி, அங்கீகரிக்கப்பட்ட பேட்டரிகள் மட்டுமே இனி ஏற்கப்படும். இதனால் உண்டாகும் சிறு சிரமத்தைப் பொறுத்தருள வேண்டுகிறோம். உங்கள் நம்பிக்கையே எங்கள் சிறகு."

கடைசி வரிக்கு அலுவலகத்தில் கை தட்டினார்கள். காது சூடாகிவிட்டது. சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

ஜூன் 8, ஞாயிறு

வீடு. எழுத்து இருக்கிற எந்தத் தாளும் எனக்காகத்தான் அங்கே காத்திருக்கும். மின்கட்டண அறிவிப்பு, அம்மாவின் மருந்துச் சீட்டு, இந்த முறை அண்ணனின் ட்ரோன் திரையும். எங்கள் நிறுவனத்து ட்ரோனை வைத்து வயல்களுக்கு மருந்து அடிக்கிற தொழில் அவனுக்கு. அப்டேட் கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். "பட்டதாரி வந்து படிச்சிட்டு அழுத்தட்டும்னு வெச்சிருக்கேன்" என்றான்.

நான் படித்தேனா? பக்கம் பக்கமாகத் தள்ளி என் மூன்று வரி எங்கே என்று தேடினேன். இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்கூட. அடியில் இருந்த "ஒப்புக்கொள்கிறேன்"-ஐ அழுத்திவிட்டேன். அவனிடம் இருப்பது யார் பேட்டரி என்று கேட்கத் தோன்றவே இல்லை.

என்ன எழுதியிருக்கு என்று அம்மா கேட்டாள். வழக்கமானதுதான் என்றேன்.

ஜூன் 9, திங்கள்



பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அவனோடு வயலுக்குப் போனேன். பயிரில் புழு விழுந்திருக்கிறது, இந்த நாலைந்து நாளில் அடித்தால்தான் உண்டு. வயல்காரம்மா விடியும் முன்பே வந்து நின்றிருந்தார். அண்ணனிடம் ஐந்து பேட்டரி. ஒன்றுதான் எங்கள் நிறுவனத்துடையது. மற்ற நாலும் எங்கள் ஊர் பேட்டரிக் கடைக்காரர் செய்துகொடுத்தவை, இரண்டு வருஷமாக ஒரு முனகல் இல்லை. அதில் ஒன்றைப் போட்டான். விசிறி அசையவில்லை. அடுத்தது. அதற்கும் அசையவில்லை. திரையில் மூன்று வரி வந்தது.

"படிச்சுச் சொல்லு" என்று என்னிடம் நீட்டினான்.

படித்தேன். நான் எழுதியதை நானே, வரப்பில் நின்று, சத்தமாக. கடைசி வரியை விட்டுவிட்டேன். 

"சிரமம் சிறுசாமே" என்றார் வயல்காரம்மா. "அப்ப புழுகிட்டயும் சொல்லி வைங்க, கொஞ்சமாத் தின்னட்டும்."

அண்ணன் சிரித்துச் சமாளித்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

பழையபடி மாற்ற முடியுமா என்று தொழில்நுட்பப் பிரிவில் விசாரித்தேன், யாருக்கோ கேட்பது போல. முடியாதாம். சரி, எங்கள் பேட்டரியையே வாங்கிவிடலாம் என்றால் கையிருப்பே இல்லை, ஏழு வாரம் ஆகும். தங்களிடம் சரக்கு வருவதற்கு முன்பே மற்ற பேட்டரிகளின் வழியை அடைத்துவிட்டார்கள். இதை யாரும் அதிசயமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பது போலச் சொன்னார்கள்.

ஜூன் 16, திங்கள்

புகார்கள். வீடு விற்பவர்களுக்காகக் கூரைப் படம் எடுக்கிற பெண் ஒருத்தி. நிலம் அளக்கிறவர் ஒருவர். "நான் காசு குடுத்து வாங்குன சாமானு, அதுக்கு என்ன சோறு போடணும்னு நீங்க யாரும்மா சொல்றதுக்கு?" என்று கேட்டார் அவர். அலுவலகம் கொடுத்த பதில் பட்டியலில் இதற்கு வரி இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில் தீப்பிடித்ததாக ஒரு வருஷத்தில் வந்த புகார்களை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் ஐந்து. நான்கு எங்கள் பேட்டரி. ஒன்று யாருடையது என்றே குறிப்பில் இல்லை.

அச்செடுத்து மேலாளரிடம் கொண்டுபோனேன்.  நிதானமாகப் பார்த்தார். நாலாக மடித்தார். "இதைப் பார்க்கச் சொல்லி யாராவது சொன்னாங்களா?" கோபமே இல்லை. "எழுதுறதுல கெட்டிக்காரி நீ. எழுது."

வந்து உட்கார்ந்து எழுதினேன்.

ஜூன் 20, வெள்ளி

ஒரே பேட்டரியை வைத்துக்கொண்டு அண்ணன் அல்லாடுகிறான். பத்து நிமிஷம் பறக்க வேண்டும், முக்கால் மணி நேரம் சார்ஜ் ஏறக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே அடிக்கிறானாம். வயல்காரம்மா வேறு ஆளை வைத்துக்கொண்டார். புழு யாருக்காகவும் நிற்குமா?

இதெல்லாம் அம்மா போனில் சொன்னது. என்னைப் பற்றி யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள் போல. "அவ படிச்ச புள்ள, பார்க்காமயா அழுத்தியிருப்பா, அந்தப் பெட்டியிலதான் கோளாறுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்று வந்த பதினேழாவது புகார் அண்ணனுடையது.

அவனே தட்டியிருக்கிறான். பாதி எழுத்துக்குப் புள்ளி இல்லை. "ஐயா நான் எதையும் மாத்தல. நீங்கதான் மாத்துனீங்க. பழய மாதிரி ஆக்கித் தாங்க. என் தங்கச்சி உங்க ஆபீஸ்லதான் வேல பாக்குது." இந்த வரியை எதற்கு எழுதினான்? சலுகை கேட்டா? இல்லை, பெருமையிலா? பெருமைதான். அவனைத் தெரியாதா எனக்கு.

நாலு மணி நேரத்துக்குள் பதில் போகாவிட்டால் புகார் திரையில் சிவப்பாகிவிடும். மூன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மன்னித்துவிடு என்று எழுதி அழித்தேன். அந்த நாலு தீயைப் பற்றி எழுதி அழித்தேன். கடைசியில் மூன்று வரியை ஒட்டி அனுப்பினேன். சிறகோடு.

ஜூலை 6, ஞாயிறு

வீடு. சாப்பிடும்போது அண்ணன் போனை எடுத்து அந்தப் பதிலைக் காட்டினான். "உங்க ஆபீஸ்ல எவனோ நல்லா எழுதுறான். கழுத்தறுத்தாகூட ரத்தம் தெரியாது."

"நான்தான்" என்றேன்.

அம்மாவின் கரண்டி பாத்திரத்திலேயே நின்றது. அவன் திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி வாசித்தான், உதடு அசைய. ரொம்ப நேரம் ஆனது, மூன்று வரிக்கு.

"வயல்ல படிக்கச் சொன்னப்பவே தெரியுமா?"

தலையாட்டினேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

ஜூலை 15, செவ்வாய்

அவன் கூப்பிடவில்லை. நானும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வேலை நிரந்தரமாகிவிட்டது. இனிப்பு வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நிறுவனத்து பேட்டரிகள் ஒருவழியாக வந்துவிட்டன. மருந்து அடிக்கிற காலம்தான் முடிந்துவிட்டது. கடன் சொல்லியாவது வாங்கி வைத்தால் அடுத்த பருவத்துக்காவது ஆகும் என்று அண்ணன் இரண்டு எடுத்து வந்திருக்கிறான். ஒன்றைப் போட்டதும் திரையில் புதிதாக ஓர் ஒப்பந்தம் வந்தது.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பழக்கத்தில் கையை நீட்டினேன்.

"இரு" என்றான். முகத்தைச் சுளிக்கவில்லை. விரலை எழுத்தின் கீழே வைத்து, கூட்டிக் கூட்டி, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை. தட்டில் சோறு ஆறியது. நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரே ஒருமுறை நிமிர்ந்தான். "'பொறுப்பேற்காது'ன்னா?"

"என்ன ஆனாலும் அவங்களைக் கேட்க முடியாதுன்னு அர்த்தம்" என்றேன்.

என்னை ஒரு நொடி பார்த்தான். பிறகு விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினான்.